மல்லாவி மண்ணுக்குள் இருந்து வந்த பொறி

இந்தப் பொறியின் அடிப்பலகை முதிரை மரம். நீளம் இரண்டேமுக்கால் அடி, அகலம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. அதன் வலது பக்கத்தில் ஒரு சைக்கிளின் செயின் வீலும் கைபிடியும், அதற்கு முன்னால் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே சுழலும் ஓர் இரும்புத் தண்டும் இருக்கின்றன. தண்டுக்குப் பக்கத்தில் கசற் றெக்கோடரில் இருந்து கழற்றிய மூன்று இலக்க எண்காட்டி. இடது முனையில் நிமிர்த்தி நிறுத்திய முன்சில்லுக் குடம். இரண்டுக்கும் நடுவில் கம்பளி வைத்த மரக்கவ்வி, மூடியுள்ள சிறிய தகரத் தொட்டி, பாலம் போல் வளைத்த ஒரு தகரம், ஒரு பீங்கான் மணி. எங்கேயும் வெல்டிங் இல்லை. எல்லாமே போல்ட், ஆணி, கட்டுக்கம்பி.

இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கும் மல்லாவியில் ஓர் அக்காவின் வளவில் மாட்டுக்கொட்டிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது மூடி இறுக்கிய நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்று தட்டுப்பட்டது. வன்னியில் மண்வெட்டி எதிலாவது முட்டினால் அது போரில் புதைந்த வெடிபொருளாகவும் இருக்கலாம்; அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். வேலையை நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்து, அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகே பரலைத் திறந்தார்கள். 2008 இல் துணுக்காய், மல்லாவிப் பக்கத்துச் சனம் கிழக்கே இடம்பெயர்ந்தபோது தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் பலர் இப்படித்தான் புதைத்துவிட்டுப் போனார்கள். தையல் மெஷினும் பித்தளைக் குடமும் கிடைப்பது வழக்கம். இந்தப் பரலில் கிடைத்தது யூரியாப் பையில் சுற்றிய இந்தப் பொறியும், அதோடு ஒரு துணிப்பையும்.

அது அக்காவின் குடும்பத்துப் பொருள் அல்ல. 1995 இன் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வளவின் பின்கொட்டிலில் வலிகாமத்தைச் சேர்ந்த ஒருவர் குடியிருந்திருக்கிறார். அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்பது அக்காவுக்குத் தெரியாது; அந்த நாட்களில் அக்காவின் குடும்பமே வேறிடத்தில் இருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து கிலோக்கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் தண்ணீர்ப் பம்பு திருத்துபவன் என்பதால் அக்கா எனக்குச் சொல்லியனுப்பினார். "தம்பி, இது என்னவென்று தெரியாமல் இரும்புக்குப் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். போருக்குப் பிந்திய வருடங்களில் வன்னியில் இருந்து லொறி லொறியாக ஏறிப்போன பழைய இரும்பில் இப்படிப்பட்டவை எத்தனை இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பனந்தும்பில் கயிறு திரிக்கும் பொறி என்றார் ஒருவர். நூல் நூற்பது என்றார் இன்னொருவர். போர்க்காலத்துப் பொருள் என்றாலே வருகிற அச்சத்தில் சிலர் கிட்டவே வரவில்லை. கயிறு திரிப்பதற்கு இழையை முறுக்க வேண்டும். முறுக்குவதற்கு இதில் எதுவும் இல்லை. சுழலும் தண்டு எதையோ தன்மேல் சுற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். நூல் நூற்பவருக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டிய தேவையும் இல்லை. இந்தப் பொறியைச் செய்தவரோ எண்ணுவதற்காகவே மிகவும் மினக்கெட்டிருக்கிறார்.

துருப்பிடித்த எதைக் கண்டாலும் முதலில் மண்ணெண்ணெயில் கழுவுவது நம் பழக்கம். தெரியாத பொறிக்கு அது கூடவே கூடாது. அழுக்குத்தான் சாட்சி. துடைப்பதற்கு முன்பே ஒவ்வொரு பாகத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்தேன். கவ்வியில் இருந்த தூசியையும், தொட்டியில் காய்ந்து கிடந்த பிசினையும் தனித்தனித் தாளில் சுரண்டி எடுத்து வைத்தேன். செயினையும் போல்ட்களையும் எண்ணெயில் ஊறப்போட்டது அதற்குப் பிறகுதான்.

எண்காட்டியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் செய்தவரின் தலை எப்படி வேலை செய்தது என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. கசற் றெக்கோடரில் இந்த எண்காட்டியை ஒரு ரப்பர் வார்தான் சுழற்றும். வார் வழுக்கும், பாட்டுக் கேட்பவருக்கு அதனால் நட்டமில்லை. இவர் வாரைத் தூக்கி எறிந்துவிட்டு, எண்காட்டியின் அச்சில் பத்துப் பற்கள் கொண்ட ஒரு தகர நட்சத்திரத்தைப் பொருத்தியிருக்கிறார். சுழலும் தண்டில் குறுக்காக ஓர் ஆணி இருக்கிறது. தண்டு ஒருமுறை சுற்றினால் அந்த ஆணி நட்சத்திரத்தின் ஒரு பல்லைத் தள்ளும். அச்சு பத்தில் ஒரு பங்கு திரும்பும், எண் ஒன்று கூடும். வழுக்குவதற்கு இடமே இல்லை. நட்சத்திரத்தைப் பால்மா டின்னின் தகரத்தில் வெட்டியிருக்கிறார். பின்புறத்தில் அச்செழுத்தின் நிறம் இன்னும் இருக்கிறது. பற்களின் நுனிகளை அரத்தால் ஒரே அளவுக்கு உருட்டியிருக்கிறார். என் விரல் நகத்தை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பல்லும் மற்றதை விடக் கூடக்குறைய இல்லை.

எண்காட்டி 999 வரைதான் காட்டும். அதற்கு அருகே பலகையில் நான்கு துளைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் துளையில் ஒரு மூங்கில் குச்சி செருகப்பட்டிருந்தது. ஆயிரம் கடந்தால் குச்சியை அடுத்த துளைக்கு மாற்றிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்திருக்கிறார். அதாவது, ஆயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டிய வேலை, ஒரு சுற்றும் பிழைக்கக் கூடாத வேலை. பம்பு மோட்டார் கட்டுகிறவனுக்கு இந்த இடத்திலேயே மணியடித்துவிடும். செம்புக் கம்பிச் சுருளான கொயிலைச் சுற்றும் பொறி இது.

செயின் வீலில் 44 பற்கள், தண்டில் இருக்கும் பிறீ வீலில் 18. கைபிடியை ஒருமுறை சுற்றினால் தண்டு ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். பிறீ வீலின் நாய்களை, அதாவது ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் உள் கொக்கிகளை, அவர் பிடுங்கவில்லை, வேலை செய்யும்படியே விட்டிருக்கிறார். கைபிடி பின்னால் திரும்பினாலும் தண்டு திரும்பாது, கம்பி தளராது, எண்ணிக்கையும் குழம்பாது. என் கடையில் இருக்கும் கையால் சுற்றும் பொறியில் இந்த வசதி கிடையாது.

இனி, என்ன கொயில் என்பது. துணிப்பையில் பல மரக்கட்டைகள் இருந்தன. அதிகம் புழங்கியதாகத் தெரிந்த கட்டையை வேர்ணியரால் அளந்தேன். முகம் 26 மில்லிமீட்டர் சதுரம், நீளம் 37. மோட்டார் கொயிலுக்கான கட்டை இப்படிச் சதுரமாக இருக்காது. மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் ட்ரான்ஸ்போமரின் இரும்புத் தகடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவு பழக்கமானது. ஆங்கில ஈ எழுத்தின் வடிவில் வெட்டிய தகட்டில் நடு நாக்கு ஓர் அங்குலம் அகலம் என்றால், அதன் பக்கத்துச் சாளரம் ஒன்றரை அங்குலம் நீளம், அரை அங்குலம் அகலம். தகடு வீணாகாமல் வெட்டுவதற்காக உலகெங்கும் வைத்துக்கொண்ட விகிதம் அது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; நாக்கு உள்ளே நுழைய இடம் விட்டால் 26. ஒன்றரை அங்குலம் 38.1, பக்கத் தட்டிகளின் தடிப்பைக் கழித்தால் 37. கட்டையின் இரண்டு அளவுகளும் அச்சாகப் பொருந்தின.

கவ்வியின் கம்பளிக்குள் ஒரு சாணுக்குக் குறைவான செம்புக் கம்பித் துண்டு ஒளிந்திருந்தது. மைக்ரோமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மெல்லிய கம்பியின் தடிப்பை ஒரு சுற்றாக அளக்காதீர்கள். சைக்கிள் சில்லின் கம்பி ஒன்றில் நெருக்கி இருபது சுற்றுச் சுற்றி, மொத்த நீளத்தை அளந்து இருபதால் வகுங்கள். எனக்கு 5.6 மில்லிமீட்டர் வந்தது. ஒரு கம்பிக்கு 0.28. கம்பியின்மேல் இருக்கும் எனாமல் காப்புப் பூச்சைக் கழித்தால் அது 33 ஆம் கேஜ், 0.254 மில்லிமீட்டர் செம்பு.

இப்போது கணக்கு தானாகவே பேசத் தொடங்கியது. 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குச் சாதாரண இரும்புத் தகட்டில் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று அறிய, 45 ஐ நடுநாக்கின் பரப்பால் வகுப்பார்கள். ஓர் அங்குலச் சதுரம் 6.45 சதுர சென்ரிமீட்டர். வோல்ட்டுக்கு ஏழு சுற்று வருகிறது. 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1,600 சுற்று. அதாவது, இரண்டாவது துளையில் குச்சி, எண்காட்டியில் 600. கம்பியின் குறுக்குப் பரப்பு 0.05 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 அம்பியர் என்று வைத்தால் 0.15 அம்பியர் தாங்கும். 230 ஆல் பெருக்கினால் 35 வாட். ஓர் அங்குலச் சதுர இரும்பு தரக்கூடிய வலுவும் அந்த அளவுதான். இடம் போதுமா என்றும் பார்த்தேன். ஓர் அடுக்கில் 130 சுற்று, பன்னிரண்டு பதின்மூன்று அடுக்கு, நான்கு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். ட்ரான்ஸ்போமரின் மறுபக்கத்தை 12 வோல்ட் என்று வைத்தால், அதைத் தடித்த கம்பியில் சுற்றுவதற்கு மிச்ச இடம் தாராளம்.

230 வோல்ட் மின்கம்பியே இல்லாத ஊரில் 230 வோல்ட் கொயில் எதற்கு? அதற்கான விடை 12 வோல்ட் பக்கத்தில் இருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு வடக்குக்கு மின்சாரம் நின்றுபோனது. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. வன்னிச் சனம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டதும், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் வைத்து விளக்கேற்றியதும் அந்தக் காலத்தில் வாழ்ந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். வாகனத்தின் 12 வோல்ட் பற்றரி ஒன்று எப்படியாவது கையில் இருந்தால், இரண்டு ட்ரான்சிஸ்டரும் ஒரு ட்ரான்ஸ்போமரும் கொண்டு அதை 230 வோல்ட்டாக மாற்றலாம். 35 வாட் என்பது ஒரு சிறிய ரியூப் லைட்டுக்கு, அல்லது ஒரு ஈயப்பற்றுக் கோலுக்குப் போதுமானது. தண்டைத் தாங்கும் மரக்கட்டை ஒன்றுக்கு மட்டம் சரிசெய்ய அடியில் செருகியிருந்த பத்திரிகை மடிப்பில் 1998 என்ற ஆண்டு தெளிவாக இருந்தது. வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறப்பதற்கு இன்னும் நான்கு வருடம் இருந்த நேரம்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதிப் பொறிக்குத்தான் விளக்கம் கிடைத்திருந்தது. தொட்டி எதற்கு? வளைந்த தகரப் பாலம் எதற்கு? கொயில் சுற்ற இரண்டுமே வேண்டாம். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இந்த நடுப்பகுதிதான்.

தொட்டியில் கிடந்த பிசின் தேன்நிறமாக, கண்ணாடிபோல் முறிந்தது. ஒரு துளி ஸ்பிரிட் விட்டேன். கரைந்து ஒட்டும் பழுப்பு நீரானது. உலர்ந்த எனாமல் பெயின்ற் என்றால் ஸ்பிரிட்டுக்கு இப்படி இளகாது. தச்சர்கள் கதவுக்கும் அலுமாரிக்கும் பூசும் அரக்குப் பொலிஷ் அது. அடுத்தது பாலம். அதன் அடிப்பக்கம் முழுவதும் கரி, மேற்பக்கம் சுத்தம். பாலத்துக்கு நேர் கீழே பலகையில் எண்ணெய் ஊறிய ஒரு வட்டக் கறை. வீட்டிலிருந்த ஜாம் போத்தலை அதன்மேல் வைத்தேன். கறையின் விளிம்பும் போத்தலின் விளிம்பும் ஒன்றாகின.

இரவில் வேலை செய்ய வெளிச்சத்துக்கு வைத்த விளக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். வெளிச்சத்துக்கு வைக்கிற விளக்கை யாராவது தகரத்தால் மூடுவார்களா? அது வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு. இடது முனையில் இருந்து கம்பியின் பாதையைக் கண்ணால் தொடர்ந்தேன். குடத்தில் மாட்டிய பழைய கொயிலில் இருந்து கம்பி அவிழ்கிறது. கம்பளிக் கவ்விக்குள் நெரிந்து நிமிர்கிறது, கருகிய எனாமல் உதிர்கிறது. தாளில் நான் சுரண்டி வைத்திருந்த கவ்வித் தூசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பழுப்புச் செதில்கள், எனாமலேதான். பிறகு கம்பி அரக்குத் தொட்டிக்குள் மூழ்கி, தோலில் கீறிய ஒரு பிளவு வழியாக மிகையான அரக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சுடுகிற தகரத்துக்கு மேலாகப் போய் உலர்கிறது. பீங்கான் மணியைத் தாண்டி, புதிதாகப் பூசிய மேனியோடு கட்டையில் சுற்றப்படுகிறது.

எரிந்துபோன கம்பியை மீண்டும் கம்பியாக்குகிற பொறி!

இதற்குத் தண்டே சாட்சி சொன்னது. அதன் மறுமுனையில் ஒரு மரக்குமிழ் இருக்கிறது. செயினைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கையால் சுற்றுவதற்கு. செயின் வீலின் பற்கள் தேயாமல் கிடக்கின்றன. குமிழோ கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று கறுத்து மின்னுகிறது. அரக்கு உலர வேண்டுமானால் கம்பி மெதுவாக நகர வேண்டும். வேகமான கைபிடியைச் செய்து வைத்தவர் அதை அதிகம் பயன்படுத்தவே இல்லை. அவருக்கு நல்ல கம்பி கிடைத்த நாட்கள் சில, கருகிய கம்பியோடு மல்லுக்கட்டிய நாட்களே பல.

மாங்குளத்தில் முன்னொரு காலத்தில் வானொலி திருத்திய ஓர் ஐயாவிடம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "எங்களுக்கு இந்தப் புத்தி வரவில்லையே தம்பி. நாங்கள் கம்பியை இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, துணியில் அரக்கைத் தொட்டு உருவிக்கொண்டு நடப்போம். காற்றடித்தால் மணல் வந்து ஒட்டிவிடும்" என்றார். இரண்டு மரங்களின் இடைவெளியை ஒருவர் இரண்டேமுக்கால் அடிப் பலகைக்குள் அடக்கியிருக்கிறார்.

சொல்லிப் பார்த்தது போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். அசல் கம்பளியையும் தோலையும் கழற்றி உறையில் போட்டுவிட்டு, அதே அளவில் புதியவை வெட்டி வைத்தேன். ஸ்பிரிட்டின் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் பாலத்துக்குக் கீழே விளக்குக்குப் பதில் 60 வாட் குண்டு பல்பு வைத்தேன். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் தயவுசெய்து திறந்த சுவாலையை வைக்க வேண்டாம். எரிந்த பழைய ட்ரான்ஸ்போமர் ஒன்றில் இருந்து 33 ஆம் கேஜ் கம்பியை அவிழ்த்து, சில இடங்களில் எனாமலை வேண்டுமென்றே சுரண்டிவிட்டுத் தொட்டிக்குள் செலுத்தினேன். குமிழை ஒரே சீராகச் சுற்றினால் கம்பி பாலத்தைக் கடக்கும்போதே ஒட்டாத அளவுக்கு உலர்ந்துவிடுகிறது. கொஞ்சம் அவசரப்பட்டாலும் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

பூசிய கம்பித் துண்டுகள் இரண்டை முறுக்கி மீட்டர் வைத்தேன், தொடுப்பு இல்லை. காப்பின் பலத்தைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரை வைத்தபோது ஒரு பூச்சுக் கம்பி தாங்கவில்லை. மறுபடியும் தொட்டிக்குள் விட்டு இரண்டாவது பூச்சுப் பூசிய கம்பி தாங்கியது. 26 மில்லிமீட்டர்க் கட்டையில் நூறு சுற்றுச் சுற்றி அளந்ததில் 3.6 ஓம் வந்தது. பதினொரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தக் கம்பிக்குக் கணக்குப்படி வர வேண்டியது 3.7. சுற்றுகளுக்குள் குறுக்குத் தொடுப்பு இருந்தால் இதைவிட நன்றாகக் குறைந்திருக்கும்.

துணிப்பையின் அடியில் நாடாபோல் வெட்டிய தாள்கள் ஒரு கட்டு இருந்தது. முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, கொட்டிவிடக்கூடப் பார்த்தார்கள். பள்ளிக்கூடக் கொப்பித் தாள், நீலக் கோடுகள், சிலவற்றில் பிள்ளையின் கையெழுத்தில் பின்னக் கணக்கு. எல்லாவற்றிலும் மெழுகு பூசப்பட்டிருக்கிறது. அகலம் சரியாக 37 மில்லிமீட்டர். ஓர் அடுக்குச் சுற்றியதும் அதன்மேல் ஒரு தாள், பிறகு அடுத்த அடுக்கு. தன்னுடைய அரக்குப் பூச்சின் பலம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை நம்பி 230 வோல்ட்டை விடாமல் அடுக்குக்கு அடுக்கு காவல் போட்டிருக்கிறார். பொறியில் இருந்து துணிப்பை பிரிந்திருந்தால் இதில் பாதியும் எனக்கு விளங்கியிருக்காது. உங்கள் வளவில் இப்படி ஏதாவது கிடைத்தால் இரும்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதோடு கிடக்கும் கந்தல், தாள், கட்டை, தூசி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள்.

எல்லாப் பாகங்களின் அளவுகளையும் வரைந்து அக்காவிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். பழைய இரும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. பொறி அந்த வீட்டிலேயே இருக்கப் போகிறது. அக்காவின் மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிக்கிறான். 1,600 சுற்றையும் இந்தப் பொறியிலேயே சுற்றி ஒரு முழு ட்ரான்ஸ்போமர் கட்டுவதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். தகடுகள் என்னிடம் இருக்கின்றன. அவன் இப்போது தன் பழைய கொப்பிகளில் இருந்து 37 மில்லிமீட்டர் அகலத்தில் தாள் வெட்டிக்கொண்டிருக்கிறான். மெழுகு பூசும் வேலை என்னுடையது.